பரணில் கிடந்த பத்து சென்ட் புத்தகம்

தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு பையன் பிளாஸ்டிக் பையோடு வந்தான். உள்ளே மூன்று டின்டின் படக்கதை ஆல்பம். (பிரெஞ்சில் சொன்னால் அந்தப் பெயர் 'தேன்தேன்' என்று நம் காதில் விழும். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அவன் தேன்தேன்தான்.) தாத்தா வாங்கியவையாம். ஒன்றின் முதுகு பிய்ந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

"ஐயா, இதை வித்தா எத்தனை மில்லியன் வரும்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, செய்திகள் அப்படி. சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்றது. அதன் ஒரு பிரதி 2026 ஜனவரியில் 1.5 கோடி டாலருக்குக் கைமாறியிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2025 நவம்பரில், 1939ஆம் வருடத்து 'சூப்பர்மேன்' முதல் இதழ் ஒன்று அமெரிக்காவில் 91.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் ரூபாயில் நாற்பது கோடிக்கு மேல். கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், இறந்துபோன அம்மாவின் வீட்டுப் பரணில், ஓர் அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியிலிருந்து எடுத்த புத்தகம் அது. அதுவும் பத்து சென்ட்தான்.

இலக்கண வகுப்பு அன்று நடக்கவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பழசு என்பதால் விலை வருவதில்லை. நூறு வருடப் பழைய பிரெஞ்சு அகராதியைப் பழைய புத்தகக் கடையில் இரண்டு ஜோடி தால் பூரி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பழசாக இருந்து, பெரும்பாலும் அழிந்தும் போயிருக்க வேண்டும். அதிலும் எதற்கும் உதவாது என்று மனிதர்களே கையால் தூக்கிப் போட்ட பொருளாக இருந்தால்தான் கதை சூடுபிடிக்கும்.

இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, போர்ட் லூயிஸ் போதும். கோடான் பக்கம் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் பள்ளியிலிருந்து ஒருமுறையாவது உங்களைக் கூட்டிப் போயிருப்பார்கள். அங்கே இருக்கும் இரண்டு தபால்தலைகளும் 1847இல் இதே ஊரில் அச்சானவை. ஜோசப் பர்னார்ட் என்பவர் தகட்டில் செதுக்கினார். ஒரு பென்னியில் 500, இரண்டு பென்னியில் 500, மொத்தம் ஆயிரம். ஆளுநரின் மனைவி லேடி கோம் நடத்திய நடன விருந்துக்கான அழைப்பு உறைகளில் சில ஒட்டப்பட்டன. உறை வந்தது, பிரித்தார்கள், அழைப்பைப் படித்தார்கள், உறையைக் கசக்கிப் போட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? நாமும் அதைத்தான் செய்வோம். இன்று உலகம் முழுக்கத் தேடி எண்ணினாலும் இரண்டு வகையும் சேர்த்து 27தான். அவற்றில் இரண்டை 1993இல் நம் ஊர் வங்கியும் கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து, சுமார் 20 லட்சம் டாலர் கொடுத்து, திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தன.

'போஸ்ட் பெய்ட்' என்பதற்குப் பதில் 'போஸ்ட் ஆபீஸ்' என்று பர்னார்ட் தப்பாகச் செதுக்கிவிட்டார், அதனால்தான் இந்த விலை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். அது தப்பே இல்லை என்பதுதான் பிற்கால ஆய்வாளர்கள் பலரின் முடிவு. என்னைக் கேட்டால், அந்தக் கதை ஊறுகாய். சோறு அந்த 27தான்.

காமிக்ஸுக்கும் இதேதான் நடந்தது. ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது. கதை எழுதிய ஜெரி சீகலுக்கும் படம் வரைந்த ஜோ ஷூஸ்டருக்கும் சூப்பர்மேனுக்காகக் கிடைத்தது இருவருக்கும் சேர்த்து 130 டாலர். வாங்கியவர்கள் பையன்கள். சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் செருகினார்கள், பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொண்டார்கள், அட்டையில் பெயர் எழுதினார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது, பழைய தாளெல்லாம் நாட்டுக்குத் தேவை என்று வண்டி வண்டியாகச் சேகரித்தார்கள். தப்பித்ததைப் பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனதும் அம்மாக்கள் ஒழித்துக்கட்டினார்கள். அதிலும் தப்பித்ததைத் தாளே தின்றது. செய்தித்தாள் அச்சடிக்கும் மட்டரகத் தாள் அது, மரக்கூழின் அமிலம் உள்ளேயே இருக்கும். வருடங்கள் போகப் போக மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். 2 லட்சத்தில் இன்று மிஞ்சியிருப்பது நூறு பிரதி அளவுதான் என்று கணிக்கிறார்கள்.

அந்த நூறும் யாரும் திட்டமிட்டுக் காப்பாற்றியவை அல்ல. இடத்தை அடைக்கிறது என்று பரணில் தள்ளியது, இருப்பதே மறந்துபோன பெட்டி, இப்படித் தற்செயலாகத் தப்பியவையே அதிகம். விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் டென்வர் பக்கத்தில் எட்கர் சர்ச் என்று ஓர் ஓவியர் இருந்தார். படம் வரையக் குறிப்புக்கு ஆகுமே என்று காமிக்ஸை வாங்கி வாங்கி, அடித்தளத்து அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தார். 1977இல் அந்தக் குவியல் வெளியே வந்தபோது பதினெட்டாயிரத்துக்கும் மேல் இருந்தது. மலைப்பிரதேசத்து வறண்ட காற்று. வெளிச்சமும் படவில்லை. மேலிருந்த புத்தகங்களின் பாரமே கீழிருந்தவற்றைத் தட்டையாக அழுத்தி வைத்திருந்தது. நேற்று அச்சடித்த மாதிரி இருந்த அவற்றுக்கு 'மைல் ஹை தொகுப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, அப்படியானால் இன்று வெளிவருவதை வாங்கிப் பத்திரமாகப் பூட்டிவைத்தால்? இதை யோசித்த முதல் ஆள் நீங்கள் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவே இதைத்தான் யோசித்தது. பழைய காமிக்ஸ் ஏலச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து, ஆளாளுக்குப் புதிய இதழ்களை ஐந்து பத்து என்று வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்கள். 1991இல் வந்த 'எக்ஸ் மென்' முதல் இதழ் 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1992இல் சூப்பர்மேன் சாகும் இதழ் வந்தது. கறுப்பு உறையில், துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டையோடு விற்றார்கள். அதுவும் பல லட்சம். பிரிக்கவே பிரிக்காமல் வைத்திருந்தார்கள். என்ன ஆயிற்று? எல்லோரும் வைத்திருந்ததால் யாருக்கும் தேவைப்படவில்லை. 1996இல் மார்வெல் கம்பெனியே திவால் மனு போட்டது. அந்த இதழ்களின் சாதாரணப் பிரதிகள் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கின்றன.

நூறு பேர் தூக்கிப் போட்டால்தான் ஒருவனுக்குப் புதையல். நூறு பேரும் புதையல் என்று நினைத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சின்னப் பெண், "அப்ப எல்லாரையும் தூக்கிப் போடச் சொல்லிட்டு நாம மட்டும் வச்சுக்கணும்" என்றாள். பொருளாதாரம் படிக்க வேண்டிய பெண்.

ஆனால் அரிதாக இருப்பது மட்டும் போதாது. எங்கள் பழைய பள்ளி மலர் இருநூறு பிரதிதான் அச்சடித்தார்கள், இன்று மூன்று இருந்தால் அதிகம். யார் வாங்குவார்? வேண்டும் என்று துடிக்கிறவர்கள் வேண்டும். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழைவிட அதே காலத்து வேறு சில காமிக்ஸ் குறைவாக மிஞ்சியிருக்கலாம், ஆனால் அவற்றில் சூப்பர்மேன் பிறக்கவில்லை. ஒரு நாயகன் முதன்முதலாக வரும் இதழுக்குத்தான் அடிதடி. ஸ்பைடர்மேன் முதலில் வந்தது 1962இல், 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழில், விலை பன்னிரண்டு சென்ட். அதன் மிக நல்ல பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. அன்று படித்த பையன்கள் இன்று பணக்காரக் கிழவர்கள். அவர்களின் பேரன்கள் திரையில் அதே நாயகனைப் பார்க்கிறார்கள். இரண்டு தலைமுறை ஒரே பொருளைக் கேட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆசை எவ்வளவு பெரிய கூட்டத்துக்கு என்பதும் கணக்கு. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அதற்காக ஏங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அட்டையைப் பார்த்தாலே கண் கலங்குவார்கள். ஆனால் அந்த ஏக்கம் தமிழ் படித்தவர்களோடு நின்றுவிடுகிறது. சூப்பர்மேனுக்கு டோக்கியோவிலும் ஆள் உண்டு. நம் 1998ஆம் வருடத்து ரூபாய் நோட்டும் அப்படித்தான். தமிழ் இருந்த இடத்துக்கு இந்தி ஏறி, தமிழ் கீழே இறங்கி அச்சானதும் நம் ஆட்கள் கொதித்து எழுந்தார்கள். நோட்டைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைக்கே மாற்றி அச்சிட்டார்கள். நோட்டு சேகரிப்பவர்கள் அந்த 1998 வரிசையைத் தனி வகையாகவே கணக்கில் வைக்கிறார்கள். நமக்கு அது ஒரு போராட்டம். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு ஆல்பத்தில் இன்னொரு கட்டம்.

அடுத்து பொருளின் நிலை. பணம் பெருகுவதும் கரைவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

2000ஆம் வருடம் அமெரிக்காவில் சிஜிசி என்ற கம்பெனி வந்தது. உங்கள் காமிக்ஸை அனுப்பினால் பக்கம் எண்ணுவார்கள், ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, முதுகில் மடிப்பு விழுந்து வண்ணம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிகிறதா, தாள் இன்னும் வெள்ளையா, பழுப்பா என்று பார்ப்பார்கள். பிறகு 0.5 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு படிக்க முடியாது. பெட்டியை உடைத்தால் மதிப்பெண் போச்சு. படிப்பதற்காகப் பிறந்த புத்தகம் படிக்கவே முடியாதபடி ஆனால்தான் அதிக விலை என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை, ஆனால் சந்தை என்னைக் கேட்டு நடப்பதில்லை.

அந்த மதிப்பெண் வந்ததும் வியாபாரமே மாறியது. முன்பெல்லாம் 'நல்ல நிலை' என்று கடைக்காரர் சொன்னால் நம்பத்தான் வேண்டும். இப்போது நியூயார்க்கில் இருப்பவர் புத்தகத்தைத் தொடாமலே, எண்ணைப் பார்த்து, கோடிக்கு ஏலம் கேட்கலாம். அந்த 36 லட்சம் டாலர் ஸ்பைடர்மேனுக்கு 9.6 மதிப்பெண். அதே இதழின் கசங்கிய, கறைபட்ட பிரதி சில பத்தாயிரம் டாலருக்குக் கிடைக்கும். கதை ஒன்று, படம் ஒன்று, அச்சான மாதமும் ஒன்று. வித்தியாசமெல்லாம் யாரோ ஒரு பையன் அதை எத்தனை முறை புரட்டினான் என்பதில்தான்.

பழுது பார்த்தால் ஏறுமா? இறங்கும். கிழிசலை ஒட்டியது, வெளுத்த இடத்தில் வண்ணம் தடவியது எல்லாவற்றையும் கண்டுபிடித்து, ஊதா நிறச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். விலை பாதிக்கும் கீழே போகக்கூடும். பையன் தன் செலோடேப்பைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்தப் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகியிருந்தது.

விலையை நிர்ணயிப்பதில் ஏலக்கூடத்தின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடி போக ஆயிரம் பேர் வேண்டாம், விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் போதும். செய்தியில் வரும் தொகையில் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கொடுக்கும் கட்டணமும் சேர்ந்திருக்கும். 'நீலத் தாமரை' என்ற டின்டின் ஆல்பத்துக்காக, டின்டினைப் படைத்த எர்ஜே 1936இல் வரைந்த, பயன்படுத்தாமல் விட்ட அட்டை ஓவியம் 2021 ஜனவரியில் பாரிஸில் ஏலம் போனபோது கேட்ட விலை 26 லட்சம் யூரோ, கட்டணம் சேர்ந்து சுமார் 31.75 லட்சம். (அது அச்சான புத்தகம் அல்ல, கையால் வரைந்த ஒரே ஓவியம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேன்தேன் ஆல்பம் மூன்று மில்லியன் போகிறது என்று ஊரில் கிளம்பிய பேச்சுக்கு இந்தக் குழப்பம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.) கொரோனாக் காலத்தில் வீட்டோடு கிடந்தவர்கள் பழைய ஆசைகளைத் தேடிக் கிளம்பினார்கள், விலை எகிறியது. 2022க்குப் பிறகு நடுத்தர ரகங்கள் பலவும் நன்றாகவே இறங்கின. உச்சியில் இருப்பவை மட்டும் அசையவில்லை.

கதையும் ஒட்டிக்கொண்டால் இன்னும் ஏறும். 2026 ஜனவரியில் 1.5 கோடி டாலருக்குப் போன ஆக்‌ஷன் காமிக்ஸ் பிரதி முன்பு நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்தது. 1990களில் அவர் 1.5 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2000இல் வீட்டிலிருந்து திருடு போனது. 2011இல் கலிபோர்னியாவில், யாரோ வாடகைக்கு எடுத்துக் கைவிட்டுப்போன கிடங்கு அறை ஒன்றிலிருந்து வெளியே வந்தது. அதே வருடம் 21.6 லட்சம் டாலருக்கு விற்றார். திருடனும் ஒரு வகையில் விலையை ஏற்றிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

இதெல்லாம் அமெரிக்கப் பரண்களின் கதை. நம் ஊர்ப் பரண் வேறு. அந்த மூன்று சகோதரர்களின் புத்தகம் பிழைத்ததற்குக் கலிபோர்னியாவின் வடபகுதிக் குளிர்ச்சியும் ஒரு காரணம். கியூர்பிப்பில் அதே பெட்டியை ஒரு மழைக்காலம் வைத்துப் பாருங்கள். தாள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும், அட்டையில் சாம்பல் நிறப் பூஞ்சை படரும், மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். 1994 பிப்ரவரியில் ஹோலண்டா புயல் வந்தபோது எங்கள் தகரக் கூரையின் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. சரியாக அந்த மூலைக்குக் கீழேதான் என் பெட்டி. மாமா மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த தமிழ் காமிக்ஸ் இருபதுக்கும் மேல். காலையில் பார்த்தால் இட்லி மாவு மாதிரி ஒரே கட்டி. அம்மா மண்வாரியால்தான் அள்ளிப் போட்டார்.

அதனால், வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: தரையிலும் வேண்டாம், கூரைக்கு அடியிலும் வேண்டாம், குளியலறைச் சுவர் பக்கமும் வேண்டாம். வெயில் ஆகாது. புளூ பென்னி அருங்காட்சியகத்திலேயே அசல் தபால்தலைகள் மேல் மணிக்குப் பத்து நிமிடம்தான் விளக்கு போடுகிறார்கள், மற்ற நேரம் நகல்தான் பார்க்கக் கிடைக்கும். அமிலம் இல்லாத அட்டையும் உறையும் கிடைத்தால் நல்லது. செலோடேப் கூடவே கூடாது.

அப்புறம் பையனின் மூன்று ஆல்பங்களுக்கு வந்தோம். டின்டின் ஆல்பம் எப்போது அச்சானது என்று பார்க்க எளிய வழி உண்டு: பின் அட்டையைத் திருப்புங்கள். பெரும்பாலான ஆல்பங்களில் அதுவரை வந்த மற்ற ஆல்பங்களின் படமோ பட்டியலோ இருக்கும். எந்தப் பெயர் கடைசி என்று பார்த்தால், புத்தகம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று தெரிந்துவிடும். சேகரிப்பவர்கள் பின் அட்டை ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்துக் குறித்துவைத்திருக்கிறார்கள். பெரிய விலை போவது 1930களின் கறுப்பு வெள்ளைப் பதிப்புகளும், 1940களில் வந்த முதல் வண்ணப் பதிப்புகளும்தான். பையனின் மூன்றிலும் பட்டியலில் 'பிக்காரோஸ்' இருந்தது. அது வந்தது 1976இல். அதற்குப் பிந்திய அச்சு, உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கிடக்கும் பிரதி.

"அப்ப மில்லியன் இல்லையா?"

"ஒரு பிட்சா வரும், தம்பி. டேப் ஒட்டாததுக்கு மட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, பாட்டி வீட்டுக் கட்டிலுக்கடியில் தமிழில் படக்கதைப் புத்தகங்கள் இருப்பதாகச் சொன்னான். பாட்டியின் அண்ணன் மெட்ராஸில் படித்தவராம். மெல்லிசாக இருக்குமாம், ஒரு அட்டையில் கை மட்டும் தனியாக வரைந்திருக்குமாம். எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று அடித்தது. எதையும் தொடாதே, துடைக்காதே, ஒட்டாதே, அப்படியே பெட்டியோடு அடுத்த சனிக்கிழமை தூக்கி வா என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தான். காவடி வருகிறதே என்று பாட்டி வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்தாராம். புதன்கிழமை குப்பை லாரி வந்துவிட்டுப் போனதாம்.

"எத்தனை இருந்தது?" என்று கேட்டேன்.

"தெரியலை ஐயா. கனமா இருந்துச்சுன்னு பாட்டி சொன்னாங்க."